நம் அகத்து விக்ரஹங்கள்: தேய்ப்பும் காப்பும்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை தாலுகாவில், பாறசாலையை அடுத்துள்ள குளத்தூர் எங்கள் ஊர். ஒரு பக்கம் தமிழ்நாட்டு எல்லை, மறுபக்கம் கடல். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. அகத்தில் தமிழ், தெருவில் மலையாளம் என்று வளர்ந்த எங்கள் தலைமுறை பிறகு உத்யோகம் தேடி மும்பை, தில்லி, பெங்களூரு, வளைகுடா நாடுகள் என்று சிதறிப் போயிற்று. வீட்டை விற்றோம், நிலத்தை விற்றோம். விற்காமல் கூடவே எடுத்துச் சென்றது பூஜைப் பெட்டி ஒன்றைத்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மூர்த்திகளைப் பற்றித்தான் இக்கட்டுரை. உறவினர் அகங்களுக்குப் போகும்போதெல்லாம் பெண்டுகள் கேட்கிற கேள்வி ஒன்றே: "விக்ரஹம் கறுத்துப் போகிறது. எதைப் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் தேய்ப்பதைக் குறைக்க வேண்டும் என்பதே என் பதில். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சரித்திரமும் வேண்டும், கொஞ்சம் ரசாயனமும் வேண்டும்.

எங்கள் சாலையில் வரும் மூர்த்திகள்

ஆண்டுதோறும் நவராத்ரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து மூன்று மூர்த்திகள் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரஸ்வாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரமாக இருந்தவரை நவராத்ரி பூஜை அங்கேயே நடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில், தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. பூஜையும் அங்கே போயிற்று. 1829 முதல் 1846 வரை ஆண்ட ஸ்வாதித் திருநாளின் காலத்தில், நவராத்ரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சங்கீதத்தோடு நடக்கும் முறை ஏற்பட்டது. அந்த ஒன்பது க்ருதிகளை நம் சபாக்களில் இன்றும் பாடுகிறார்கள்.

மூர்த்திகள் முதல் இரவு குழித்துறையில் தங்கி, களியக்காவிளையில் எல்லை கடந்து, பாறசாலை வழியாக வந்து, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணஸ்வாமி கோயிலில் தங்குவார்கள். மறுநாள் திருவனந்தபுரம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. சரஸ்வதி யானை மேல். மற்ற இருவரும் பல்லக்கில். ராஜ்யம் இரண்டான பிறகும் இது நிற்கவில்லை. எல்லையில் இரு மாநிலத்துப் போலீஸாரும் மரியாதை செய்கிறார்கள். நவராத்ரி முடிந்ததும் மூவரும் அவரவர் கோயிலுக்கே திரும்புகிறார்கள்.

சிறுவயதில் பாறசாலைச் சாலையோரம் தட்டில் பூவும் பழமுமாக நின்று சேவித்திருக்கிறேன். எங்களுக்கு மூர்த்தி என்றாலே இப்படி இடம் விட்டு இடம் எழுந்தருளுபவர்தான். உத்ஸவ மூர்த்தியைத் தூக்கிச் செல்ல முடிந்ததால்தான், ஆபத்துக் காலத்தில் நம் முன்னோர் அவரைக் காப்பாற்றவும் முடிந்தது. ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் 1323-இல் ஊரை விட்டுப் புறப்பட்டு, பல தேசம் சுற்றி 1371-இல் திரும்பி வந்தார். காஞ்சி வரதராஜர் உடையார்பாளையம் காட்டில் இருந்துவிட்டு 1710-இல் காஞ்சிக்குத் திரும்பினார். காஞ்சியிலிருந்து புறப்பட்ட பங்காரு காமாட்சி, தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள். அவளைச் சுமந்து வந்த அர்ச்சகர் வம்சத்தில் பிறந்தவரே ச்யாமா சாஸ்த்ரிகள்.

எந்தத் திருமேனிக்கு என்ன உபசாரம்

எல்லா மூர்த்திகளுக்கும் ஒரே உபசாரம் என்று நம் பெரியோர் வைக்கவில்லை. பாகவதம் பதினோராம் ஸ்கந்தம் 27-ஆம் அத்யாயத்தில், பகவான் உத்தவருக்கு அர்ச்சனா முறையைச் சொல்லும் இடத்தில், பிரதிமைகள் எட்டு வகை என்கிறார். கல், மரம், உலோகம், மண், சித்திரம், மணல், ரத்தினம், மனம் ஆகியவை அவை. அடுத்தே மண்ணாலும் வர்ணத்தாலும் ஆன மூர்த்திக்கு ஸ்நானம் இல்லை, துடைத்தால் போதும் என்றும் விதிக்கிறார். பொருளின் தன்மை அறிந்து உபசாரம் செய் என்பதே இதன் தாத்பர்யம்.

இதைக் கோயில்களில் கண்ணாலேயே காணலாம். திருவனந்தபுரம் அனந்தபத்மநாபர் 12,008 சாளக்ராமங்களும் கடுசர்க்கரைக் கலவையும் சேர்ந்த திருமேனி. மார்த்தாண்டவர்மா மஹாராஜாவின் காலத்தில் உருவானது. மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அவருக்குத் தைலக்காப்பு மட்டுமே, திருமஞ்சனம் நம்பெருமாளுக்கு. வைகானஸ, பாஞ்சராத்ர ஆகமங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உத்ஸவத்திற்கு ஒரு பேரம், பலிக்கு ஒரு பேரம், ஸ்நபனத்திற்கு ஒரு பேரம் என்று பிரித்தே வைத்தன. தேய்மானத்தை ஒரே திருமேனி ஏற்காமல் பங்கு போட்டுக்கொண்டது என்று லௌகிகமாகவும் இதைப் பார்க்கலாம்.

அகத்தில் இந்த வசதி இல்லை. மத்ஸ்ய புராணம் அகத்து மூர்த்தி கட்டைவிரல் கணு அளவிலிருந்து ஒரு சாண் வரை இருக்கலாம் என்கிறது. அந்தச் சின்னத் திருமேனியே அபிஷேகம், அலங்காரம், உத்ஸவம் எல்லாவற்றையும் ஏற்கிறது. ஆகவே பெரிய கோயிலில் எடுத்துக்கொள்ளும் கவனத்தைவிட அகத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

பித்தளையா, வெண்கலமா, பஞ்சலோகமா?

நம் அகங்களில் மஞ்சளாக இருப்பதையெல்லாம் பஞ்சலோகம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். துத்தநாகம் சுமார் 907 டிகிரி செல்ஸியஸிலேயே ஆவியாகிவிடுவதால் அதைத் தனியே பிரித்தெடுப்பது பழங்காலத்தில் பெரும்பாடு. ராஜஸ்தானத்தில் உதயபூருக்கு அருகே ஜாவரில், மூடிய மண்குடுவைகளில் அந்த ஆவியைக் குளிரவைத்து உலோகமாக்கும் வித்தையை மத்திய காலத்திலேயே நம்மவர்கள் பெரிய அளவில் செய்தார்கள். பஞ்சலோகம் என்பதிலும் பெரும்பங்கு செம்புதான். பொன்னும் வெள்ளியும் சாஸ்திரத்திற்காகச் சேர்ப்பவை, மிகச் சிறிய அளவு. டாக்டர் சாரதா ஸ்ரீநிவாசன் தென்னிந்தியாவின் உலோகத் திருமேனிகள் 130-ஐ ஆராய்ந்தார். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளீயமும் காரீயமும் கலந்த செம்பே. சபரிமலையில் 1950-இல் தீவிபத்து நடந்த பிறகு, 1951-இல் பிரதிஷ்டையான ஐயப்ப விக்ரஹம் செங்கன்னூர் தட்டாவிளை சகோதரர்கள் வார்த்த பஞ்சலோகம்.

ஸ்வாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்து, காவேரி வண்டல் மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். அச்சு உடைபட்டுவிடும், ஆகையால் ஒரு மெழுகுக்கு ஒரு மூர்த்திதான். கண், புருவம், உதடு, ஆபரண வரிகள் எல்லாம் கடைசியில் உளியால் தீட்டுபவை. அந்த வரிகளின் ஆழம் மயிரிழைதான். மூர்த்தியின் முகக்களை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நார் வைத்துத் தேய்க்கும்போது முதலில் போவதும் அதுவே.

புளி என்ன செய்கிறது?

என் பாட்டி குத்துவிளக்கையும் கிண்டியையும் உருளியையும் வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். ஆனால் ஸ்வாமியை அந்தப் பாத்திரங்களோடு சேர்க்க மாட்டாள். ஸ்வாமிக்கு நித்யம் தீர்த்தமும் ஈரிழைத் துண்டும்தான். வருஷத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் புளிக் கரைசல். நகரத்தில் பிளாட்டுக்குக் குடிவந்த பிறகு இந்த பேதம் போய்விட்டது. விளக்கு, தட்டு, ஸ்வாமி எல்லாம் ஒரே ஸிங்கில், ஒரே பவுடரில். எங்கள் உறவில் ஒரு அகத்து ஸந்தான கோபாலருக்கு இன்று மூக்கும் இல்லை, சிரிப்பும் இல்லை. வழவழவென்று ஒரு கூழாங்கல் போல ஜொலிக்கிறார். நாற்பது வருஷத்துச் சுத்தம் அது.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் ஸிட்ரிக் அமிலம். உலோகத்தின் மேல் படர்ந்த கறையை அவை கரைக்கின்றன; உலோகத்தையும் சிறிது கரைக்கின்றன. வெகுநேரம் ஊறவிட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று, செம்பு மட்டும் மேலே நின்று, இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும். அந்தச் சிவப்பு தேய்த்தால் போகிற அழுக்கல்ல, உலோகமே இழந்த இடம். உப்பைச் சேர்த்துத் தேய்ப்பது அதைவிடக் கெடுதல். உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரமும் கிடைத்தால், இளம்பச்சையாக மாவு போல் பொரிந்து, உள்ளே தின்றுகொண்டே போகும். நம் பாஷையில் களிம்பு. செம்பில் களிம்பு போல உயிரில் மலம் என்று சைவ சித்தாந்திகள் திருஷ்டாந்தம் சொல்லும் அளவுக்கு நம் முன்னோருக்கு இது பழகிய விஷயம். எங்கள் ஊரைப் போல உப்புக்காற்று வீசும் இடங்களிலும், சென்னை, மும்பையிலும் இந்த அபாயம் அதிகம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலத் திருமேனிகளுக்கே இந்த நோய் வந்தது. அதைத் தீர்ப்பதற்காக 1930-இல் அங்கே ரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. அதை வளர்த்தவர் எஸ். பரமசிவன். மின்சாரத்தின் உதவியால் களிம்பை நீக்கும் முறையை அவர் நம் விக்ரஹங்களுக்குப் பயன்படுத்தினார்.

கடையில் கிடைக்கும் திரவப் பாலிஷ்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. பிரிட்டிஷார் காலத்து இந்தியாவில், பட்டாளத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் எழும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் இங்கிலாந்தில் நிரூபித்தார்கள். தகடு அடித்துச் செய்யும் பித்தளையில் உள்ளே இறுக்கம் தங்கிவிடுகிறது. அம்மோனியா பட்டால் அந்த இடம் பிளக்கும். நம் அகத்துக் கவசமும் பிரபையும் அப்படித் தகடு அடித்துச் செய்தவையே என்பதை நினைவில் வைக்கவும்.

அகத்தில் செய்யத்தக்கவை

நான் பெரியவர்களிடம் கேட்டதும் படித்ததும் சேர்ந்து, எங்கள் அகத்தில் கடைப்பிடிக்கும் முறை இது.

நித்ய அபிஷேகம் சுத்த ஜலத்தால் மட்டும். பிறகு பழைய மல் வேஷ்டித் துணியால் ஒற்றி எடுத்து, பீடத்தின் அடியிலும் ஈரம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பால், தயிர், தேன், பஞ்சாமிருதம், இளநீர் ஆகியவற்றால் அபிஷேகம் செய்யும் நாட்களில், முடிந்தவுடன் வெதுவெதுப்பான ஜலத்தால் நிறைய அலம்ப வேண்டும். தயிரின் புளிப்பும் பஞ்சாமிருதத்தின் பிசுக்கும் மடிப்புகளில் தங்கினால் மறுவாரமே பச்சை காணும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குப் புளி வேண்டாம். பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரே போதும். தங்க நகைக்கு நம் பாட்டிமார் உபயோகித்ததும் அதுதான். மடிப்புகளுக்கு மிருதுவான பிரஷ் அல்லது மூங்கில் குச்சி. ஊசி, கம்பி, இரும்பு நார் ஒருபோதும் கூடாது.

புளி உபயோகித்தே ஆகவேண்டும் என்றால் வருஷத்திற்கு இரண்டு முறை, உப்பில்லாமல், நீர்க்கக் கரைத்து, சில நிமிஷங்கள் மட்டும். முகத்தைத் தேய்க்கவே வேண்டாம். கரைசலைத் தடவி அலம்பினால் போதும்.

பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவி வைப்பது பலருக்கு வழக்கம். எண்ணெய் சிக்குப் பிடித்தால் அதுவே செம்போடு சேர்ந்து பச்சை மெழுகாகிறது. குத்துவிளக்கின் அடித்தண்டில் காண்பது இதுதான்.

கடையில் புதிதாக வாங்கும் மொராதாபாத், அலிகர் பித்தளை மூர்த்திகள் பலவற்றின் மேல் லாக்கர் பூச்சு இருக்கும். அவற்றை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்தவும். தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து, பார்க்க அவலக்ஷணமாகும்.

பழுப்பாகக் கறுப்பது தோஷமல்ல. காற்றுப்பட்ட செம்பின் மேல் தானாகப் படியும் அந்தப் படலம் உள்ளே இருக்கும் உலோகத்திற்குக் காப்பு. துடைத்த பிறகும் சில நாளில் மீண்டும் இளம்பச்சைப் பொடி வந்தால் மட்டுமே அது நோய். அப்போது வீட்டு வைத்தியம் வேண்டாம்; அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவினரையோ, அனுபவமுள்ள ஸ்தபதியையோ கலந்து பேசவும்.

பூஜையினால் வரும் தேய்வும் உண்டு. மண்ணுக்குள் பல நூற்றாண்டு புதைந்திருந்த திருமேனிகளில் உளி வரிகள் கூர்மையாக இருக்க, இடைவிடாமல் ஆராதனையில் இருந்தவற்றில் முகம் மழுங்கியிருப்பதை அறிஞர்கள் குறித்திருக்கிறார்கள். அந்த மழுங்கல் பல நூற்றாண்டுகள் கைபட்டு வந்தது. நாம் பவுடரால் அதை ஒரே தலைமுறையில் செய்துவிடுகிறோம்.

யார் கையில் கொடுக்கிறோம்?

சுத்தம் செய்யக் கொடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கும்பகோணத்திற்கு அருகே சிவபுரத்தில் 1951-இல் பூமிக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர், செப்பனிடுவதற்காக வெளியே கொடுக்கப்பட்டார். திரும்பி வந்தது நகல். 1965-இல் பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் தம் நூலில் எழுதியபோதுதான் விஷயம் வெளியாயிற்று. 1973-இல் அமெரிக்காவில் நார்ட்டன் ஸைமன் அறக்கட்டளை வாங்கிய அசல் மூர்த்தி, வழக்கும் பேச்சுவார்த்தையும் நடந்து 1986-இல் இந்தியா வந்து சேர்ந்தார். கோயில் மூர்த்திக்கே இது நேர்ந்ததென்றால், வாசலில் வந்து "பழைய பித்தளை இருக்கா, பாலிஷ் போடணுமா" என்று கேட்பவரிடம் தாத்தா பூஜித்த மூர்த்தியை நீட்டலாமா என்று யோசிக்கவும்.

வெளிநாட்டில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு இன்னொரு செய்தி. தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் அமலுக்கு வந்தது. நூறு வருஷத்திற்குக் குறையாத உலோகச் சிற்பம் தொல்பொருள் ஆகும். அதை வைத்திருப்பவர் பதிவு அதிகாரியிடம் பதிந்துகொள்ள வேண்டும். தனிநபர் யாரும் தேசத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்ல முடியாது. நூறு வருஷம் ஆகாத மூர்த்தி என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்றிதழ் பெற்றுக்கொண்டு பிரயாணம் செய்யலாம். எங்கள் குடும்பத்தில் ஒரு பையன் கொள்ளுத்தாத்தாவின் மூர்த்தியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டபோது இதைச் சொல்லித்தான் தடுத்தோம். மூர்த்தி இப்போது திருவனந்தபுரத்தில் அவன் சித்தப்பா அகத்தில் நித்ய பூஜையில் இருக்கிறார். பையன் புதிதாக ஸ்வாமிமலையில் ஒன்று வார்த்து, பில்லோடு எடுத்துப் போனான்.

பூஜை செய்ய ஆள் இல்லாத அகங்களும் பெருகிவிட்டன. பழைய மூர்த்திகளை அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எடைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு முன் சகோதர, சகோதரிகள் எல்லோரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். யாராவது ஒருவர் நித்யம் ஒரு உத்தரணி தீர்த்தமும் ஒரு புஷ்பமும் சேர்க்கத் தயாராக இருப்பார். மூர்த்தி பின்னமாகியிருந்தால் என்ன செய்வதென்று அகத்து வாத்யாரைக் கேட்டுச் செய்யவும். கோந்து போட்டு ஒட்டவும் வேண்டாம்.

இந்த நவராத்ரிக்கு ஸ்வாமியைப் படியிலிருந்து இறக்கும்போது, சுத்தம் செய்வதற்கு முன்னால், முகத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உயரம், எடை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, பூஜைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த நவராத்ரியில் மீண்டும் ஒரு போட்டோ எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேய்ப்பது போதுமா, அதிகமா என்பதை அந்த முகமே சொல்லிவிடும்.